டோலக் அடிக்கும்போது எத்தனை வோல்ட்?

"பாட்டு நின்னதும் பின்னாடி போய்ப் பார்த்தா நாலு லைட்டும் எரியுதுக்கா. சார்ஜ் இருக்கு. அப்புறம் ஏன் நிக்குது?"

எங்கள் பஜனைக் குழுவில் டோலக் வாசிக்கும் தம்பி கேட்டது. நியாயமான கேள்விதான். குழுவிடம் சக்கரம் வைத்த ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. யாரோ வீடு மாறும்போது விற்றதை வாங்கியது. உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, கோயில் வாசலில், பிளக் பாயிண்ட் எட்டாத இடங்களில் எல்லாம் அதை இழுத்துக்கொண்டு போய் வைத்துப் பாடுவோம். இரண்டு மணி நேரத்துக்குத் தாராளமாக வர வேண்டிய பேட்டரி, கொஞ்ச காலமாக முக்கால் மணி நேரத்தில் 'டிக்' என்று நின்றுவிடுகிறது. அதுவும் மெதுவான பாட்டில் நிற்காது. வேகம் பிடித்து, எல்லோரும் கைதட்ட ஆரம்பித்த பிறகுதான் நிற்கும். போய்ப் பார்த்தால் பேட்டரி விளக்கு நான்கும் ஒன்றுமே நடக்காதது போல எரிந்துகொண்டிருக்கும்.

குழுவின் தீர்ப்பு உடனே வந்துவிட்டது: பேட்டரி போச்சு, புதுசு வாங்கு. கணக்கு வைத்திருக்கும் ஹார்மோனியம் மாமா மட்டும் "போன வருஷம்தானேம்மா மாத்தினோம், அதுக்குள்ளவா?" என்று இழுத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் டெக்னீஷியன். பஜனை ஸ்பீக்கருக்கும் என் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? ஸ்பீக்கர் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.7. பாட்டுப் போட்டால் 12.5, 12.4, 12.5 என்று கொஞ்சம் தடுமாறியது. அவ்வளவுதான். இதைப் பார்த்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சாதாரண மல்டிமீட்டர் ஒரு வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். நடுவில் நடந்ததைச் சராசரியாக்கிவிடும். டோலக்கின் இடப்பக்க 'தொம்' ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, வோல்டேஜ் எங்கே போய் விழுகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அது மீட்டரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

டிராயரில் ஒரு ஆர்டுயினோ நானோ கிடந்தது, நாமே புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய குட்டிப் பலகை. மகன் பள்ளியில் ஏதோ புராஜெக்ட் செய்துவிட்டு மறந்துபோனது. அதில் இருக்கும் ஏடிமெகா328பி சிப் ஒரு அளவை எடுக்க வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். தொம் என்று ஒரு அடி விழுவதற்குள் நூற்றுக்கணக்கில் அளந்துவிடலாம். ஆனால் அதன் அளக்கும் பின்னுக்கு, அதாவது சிப்பின் காலுக்கு, 5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. 12 வோல்ட்டை நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குத்தான் இரண்டு ரெசிஸ்டர்.

வோல்டேஜ் டிவைடர் என்பது ஒன்பதாம் பத்தாம் வகுப்புக் கணக்குதான். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு இன்னொரு ரெசிஸ்டர். நடுப்புள்ளியில் கிடைப்பது, கீழ் ரெசிஸ்டரை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, பேட்டரி வோல்டேஜால் பெருக்கியது. மேலே 150 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் வைத்தால் மொத்தம் 160. ஆக நடுவில் வருவது பதினாறில் ஒரு பங்கு. 12.7 வோல்ட் 0.79 வோல்ட்டாக இறங்கிவிடும்.

'5 வோல்ட் வரை அளக்க முடிகிற பின்னுக்கு ஏன் 0.79 மட்டும்?' என்று கேட்பீர்கள். கடையில் 25 வோல்ட் சென்சார் என்று விற்கும் சின்னப் பலகையில் 30 கிலோ ஓமும் 7.5 கிலோ ஓமும்தான் இருக்கும். அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கும். 12 வோல்ட் 2.4 ஆகும். பார்க்க அதுதான் பொருத்தமாகத் தெரியும். நான் அதை எடுக்கவில்லை. காரணம் ரெசிஸ்டர் இல்லை, ரெஃபரன்ஸ்.

நானோவின் ஏடிசி, அதாவது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி, வோல்டேஜை நேரடியாக அளப்பதில்லை. தராசு மாதிரி ஒரு எடைக்கல்லோடு ஒப்பிட்டு, 1024இல் எத்தனை பங்கு என்று மட்டும் சொல்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எடைக்கல்லாக எடுத்துக்கொள்வது தன் சொந்த சப்ளையை. அது 5 வோல்ட் என்று நாம் புரோகிராமில் எழுதிவிடுகிறோம். நிஜத்தில் அது 5 இல்லை. நானோவில் யூஎஸ்பிக்கும் 5 வோல்ட் கோட்டுக்கும் நடுவே ஒரு டையோடு இருக்கிறது. அதிலேயே கொஞ்சம் போய்விடும். கேபிள் சரியில்லாவிட்டால் இன்னும் கொஞ்சம். சப்ளை 4.75க்கு இறங்கியிருந்தால், 12.0 வோல்ட்டில் இருக்கும் பேட்டரியை 12.63 என்று காட்டும். ஈய அமில பேட்டரியில் 12.6 என்றால் கிட்டத்தட்ட நிறைந்தது, 12.0 என்றால் பாதிக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவே ஒரு பஜனையே இருக்கிறது.

இதைவிடக் கொடுமை, மூன்று பேட்டரிக் கட்டையை நேரடியாகச் சிப்புக்கே கொடுத்துவிட்டு, அதே சிப்பை வைத்து அந்தப் பேட்டரியை அளப்பது. காய் சுருங்கச் சுருங்க எடைக்கல்லும் சேர்ந்து சுருங்கும். இரண்டு சம ரெசிஸ்டர் வைத்திருந்தால் பேட்டரி சாகும்வரை 512 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

ஏடிமெகா328பிக்குள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்று தனியாக இருக்கிறது. சப்ளை ஏறினாலும் இறங்கினாலும் அது அசைவதில்லை. ரெஃபரன்ஸாக அதை எடுத்துக்கொள் என்று புரோகிராமில் ஒரு வரி சொன்னால் போதும். மாற்றிய பிறகு வரும் முதல் சில அளவுகளை மட்டும் எண்ணாமல் தூக்கிப்போட வேண்டும். 1.1ஐ 16ஆல் பெருக்கினால் 17.6. அதுதான் என்னால் அளக்க முடிகிற உச்சம். சார்ஜரில் இருக்கும்போது இந்தப் பேட்டரி 14.4, சில சமயம் 15 வரை போகும், அதுவும் அடங்கிவிடுகிறது. ஒரு படி என்பது 17 மில்லிவோல்ட். நான் தேடுவது அரை வோல்ட், ஒரு வோல்ட் விழுவதை. 1024 படி என்பதைத்தான் பத்து பிட் என்பார்கள். இதற்கு மேல் பிட் எதற்கு? 'பத்து பிட் போதாது, பதினாறு பிட் சிப் தனியாக வாங்கு' என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் ரெஃபரன்ஸைப் பற்றி வாய் திறப்பதில்லை.

150ம் 10ம் எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏடிசி ஒவ்வொரு தடவையும் உள்ளே 14 பிக்கோஃபாரட் அளவில் ஒரு குட்டிக் கப்பாசிட்டரை நிரப்பிக்கொண்டுதான் அளக்கிறது. அது சட்டென்று நிரம்ப வேண்டுமானால், அளக்கப்படும் பக்கத்தின் தடை 10 கிலோ ஓம் அளவுக்குள் இருப்பது நல்லது என்று டேட்டா ஷீட் சொல்கிறது. இதற்கு டிவைடரின் இரண்டு ரெசிஸ்டரும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கம்பக்கமாக, இணையாக இருப்பதாகக் கணக்குப் போட வேண்டும்: 150உம் 10உம் சேர்ந்து 9.4 கிலோ ஓம். எல்லைக்குள் இருக்கிறது. பேட்டரி வீணாகக் கூடாது என்று ஒரு மெகா ஓம், இரண்டு மெகா ஓம் என்று போடுகிறவர்கள், நடுப்புள்ளியில் 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றை வைக்காவிட்டால் எண் அலைபாயும். நானும் ஒன்று வைத்தேன், எண்ணை ஆட்டிவைக்கும் மின் சத்தத்தை வடிகட்ட. என் டிவைடரில் அது 170 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத் தடுக்காமல் உள்ளே விடும். டோலக்கின் 'தொம்' தப்பாது. அதையே 10 மைக்ரோஃபாரட்டாக வைத்திருந்தால் எண் அழகாக, நிதானமாக நிற்கும். நான் தேடி வந்தது மட்டும் அதில் காணாமல் போயிருக்கும்.

ரெசிஸ்டர் வாங்க சிம் லிம் டவருக்குப் போனேன். ஆன்லைனில் இருநூறு முந்நூறு சேர்ந்த பெட்டியாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் எனக்குத் தேக்காவில் காய்கறி வாங்கும் வேலையும் இருந்தது, இரண்டும் நடக்கிற தூரம். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் கேட்டால் நீல நிறத்தில் கொடுப்பார்கள். 150 கிலோ ஓமுக்குப் பட்டைகள்: பழுப்பு, பச்சை, கறுப்பு, ஆரஞ்சு, பழுப்பு. 10 கிலோ ஓமுக்கு: பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. இரண்டு முனையும் பழுப்பு! எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது? 10 கிலோ ஓமைத் திருப்பிப் படித்தால் 120 ஓம். 150ஐத் திருப்பிப் படித்தால் 13 மெகா ஓம். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு நீலத்தின் மேல் இருப்பது பழுப்பா சிவப்பா என்பதே சந்தேகம். பட்டையை நம்பாமல், சால்டர் வைத்துப் பற்றவைக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஒரு சதவீதம் என்றால் துல்லியம்தானே என்று தோன்றும். ஒன்று ஒரு சதவீதம் கூட, மற்றது ஒரு சதவீதம் குறைய இருந்தால் விகிதத்தில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் போய்விடும். 12 வோல்ட்டில் அது 0.2 வோல்ட்டுக்கு மேல். இந்தப் பேட்டரி நிறைந்திருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் மொத்த வித்தியாசமே ஒரு வோல்ட் அளவுதான். அதோடு அந்த 1.1 வோல்ட் ரெஃபரன்ஸும் சிப்புக்குச் சிப் 1.0லிருந்து 1.2 வரை எங்கேயும் இருக்கலாம். அசையாது என்பது உண்மை. எங்கே நிற்கிறது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வேலையிடத்தில் ஒவ்வொரு மீட்டரிலும் கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தேதி தாண்டிய மீட்டரைத் தொட்டால் சூப்பர்வைசர் முறைப்பார். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. பேட்டரியை நானோவோடு இணைத்து, என் மல்டிமீட்டரையும் அதே முனையில் வைத்தேன். மீட்டர் 12.61 என்றது, நானோ 12.17 என்றது. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.036. அந்த எண்ணைப் புரோகிராமில் பெருக்கிவிட்டால் ரெசிஸ்டர் பிழை, ரெஃபரன்ஸ் பிழை இரண்டும் ஒரே அடியில் போய்விடும். அப்புறம் ஒரு 9 வோல்ட் பேட்டரியை வைத்து இன்னொரு இடத்திலும் சரிபார்த்தேன்; ஒரு படிக்குள் ஒத்துப்போனது. என் வீட்டு மீட்டரே தப்பாக இருந்தால்? அதையும் அனுமதி கேட்டு ஒரு நாள் எடுத்துப் போய், ஸ்டிக்கர் ஒட்டிய மீட்டரின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். இருபது வெள்ளி (டாலர்) மீட்டர் அவ்வளவு மோசமில்லை.

இனிதான் விஷயம். ஒரு டிவைடர் போதாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். ஸ்பீக்கரில் இருக்கும் நான்கு விளக்கும் பேட்டரியைப் பார்க்கவில்லை, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போர்டுக்கு வந்து சேருவதைத்தான் பார்க்கின்றன. பேட்டரி முனைக்கும் ஆம்புக்கும் நடுவே வயர், ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் இருக்கின்றன. ஆகவே இரண்டு டிவைடர்: ஒன்று பேட்டரியின் பிளஸ் முனையிலேயே, இன்னொன்று ஆம்ப் போர்டின் பிளஸ்ஸில். நானோவின் கிரவுண்டை, அதாவது அது பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும் புள்ளியை, பேட்டரியின் மைனஸ் முனையில் நேராக வைத்தேன். ஆம்ப் போர்டின் கிரவுண்டில் வைத்தால், கரண்ட் போகும்போது அந்த வயரில் விழும் வோல்டேஜும் கணக்கில் கலந்துவிடும். தரையே ஆடினால் உயரத்தை எப்படி அளப்பது?

வயரிங்கில் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். இந்த அளவுப் பேட்டரியே ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியர் அளவுக்குக் கொட்டும், மெல்லிய வயர் சிவந்து எரியும். ஆகவே 150 கிலோ ஓம் ரெசிஸ்டரை நானோ பக்கம் வைக்காமல், பேட்டரி முனையிலேயே வைத்து, சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினேன். அதற்கப்புறம் வரும் வயர் எங்கே உரசி எதில் பட்டாலும் 0.1 மில்லிஆம்பியர்கூடப் போகாது. கீழ் ரெசிஸ்டர் கழன்றுபோனால்கூட அந்த 150 கிலோ ஓம் சிப்பைக் காப்பாற்றிவிடும். நானோவுக்குச் சப்ளை தரும் வயரில் மட்டும் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. சப்ளைக்கு ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் போட்டு 5 வோல்ட்டாக இறக்கினேன். முதலில் பவர் பேங்க்கை வைத்தேன். நானோ இழுக்கும் கரண்ட் போதாதென்று அது தானாகத் தூங்கிப்போனது. பெரிய வேலைக்குத்தான் வருவாராம்.

புரோகிராம் சிக்கலில்லை. இரண்டு பின்னையும் மாறி மாறி அளக்க வேண்டியது. பின் மாறியதும் வரும் முதல் எண்ணை விட்டுவிட்டு, பதினாறு அளவின் சராசரியை ஒரு எண்ணாக எடுத்துக்கொள்கிறேன். ஒற்றை அளவையே குறைந்தபட்சமாக எடுத்தால் ஏதாவது ஒரு மின் சத்தம் வந்து ஏமாற்றிவிடும். அப்புறம் கடைசி பத்து வினாடியில் வந்த மிகக் குறைந்த எண்ணை இரண்டு பக்கத்துக்கும் திரையில் காட்டுகிறேன். மேல் வரியில் பேட்டரியின் சராசரி, அடுத்த வரியில் பேட்டரியின் அடிமட்டம், கடைசி வரியில் ஆம்பின் அடிமட்டம். கட்டைவிரல் அளவு ஓஎல்ஈடி திரையில் இது போதும்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு மாமா வீட்டில் கூடினோம். பேட்டரி முழுக்க சார்ஜ் ஏறி, ஒரு ராத்திரி ஓய்ந்திருந்தது. ஹார்மோனியமும் பாட்டும் மட்டும் இருந்தவரை மூன்று வரியும் 12.5ஐச் சுற்றியே நின்றன. டோலக் சேர்ந்தது. பேட்டரியின் அடிமட்டம் 12.1. ஆம்பின் அடிமட்டம் 11.0.

ஒன்று புள்ளி ஒன்று வோல்ட் நடுவழியில் காணாமல் போகிறது! உச்சத்தில் 5 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொண்டால், எங்கேயோ 0.2 ஓமுக்கு மேல் தடை இருக்கிறது. இரண்டடி வயரில் அவ்வளவு இருக்க வழியே இல்லை. பாட்டை நிறுத்தாமல் பின்பக்கக் கதவைத் திறந்து வயரோடு விரலை ஓட்டினேன். வயர் சில்லென்று இருந்தது, சுவிட்ச் சில்லென்று இருந்தது, ஃபியூஸ் ஹோல்டர் மட்டும் நல்ல சூடு. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் பச்சை பிடித்துத் தளர்ந்து கிடக்கிறது. இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்கு எந்தச் செம்புதான் தப்பியது?

தம்பியின் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பேட்டரி இறங்க இறங்க அதன் அடிமட்டம் 11.6க்கு வரும்; அதெல்லாம் சாதாரணம்தான். ஆனால் ஆம்புக்குப் போய்ச் சேருவது அப்போது 10.5. பேட்டரி பாழாகக் கூடாது என்று அந்த ஆம்ப் 10.5இல் தன்னை அணைத்துக்கொள்கிறது. ஆறு செல், செல்லுக்கு 1.75 வோல்ட் என்பது இந்த வகைப் பேட்டரிக்கு வழக்கமான கீழ் எல்லை. அணைந்தவுடன் கரண்ட் நின்றுவிடுகிறது. கரண்ட் நின்றால் ஃபியூஸ் ஹோல்டரில் விழுவதும் நின்றுவிடுகிறது. ஆம்ப் போர்டில் மறுபடி 12க்கு மேல் வந்துவிடுகிறது. நாம் எழுந்து பின்னால் போவதற்குள் நான்கு விளக்கும் எரிகிறது. விளக்கு பொய் சொல்லவில்லை. நாம் போய்ப் பார்த்த நேரம் அப்படி.

புது ஃபியூஸ் ஹோல்டர் இரண்டு வெள்ளிகூட இல்லை. மாற்றியதும் பேட்டரிக்கும் ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் 0.1க்கு இறங்கியது. அடுத்த பஜனையில் மங்களம் பாடி முடிக்கும்வரை நிற்கவில்லை. ஹார்மோனியம் மாமா முகத்தில், அந்த மாதக் கணக்கை முடித்த திருப்தி தெரிந்தது.

ஆனால் பேட்டரி புதுசு போல இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். 7 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருக்கும்போது அதன் உள்தடை 20, 30 மில்லிஓம் அளவில் இருக்கும். 5 ஆம்பியர் இழுத்தால் 0.1, 0.15 வோல்ட்தான் விழ வேண்டும். நம்முடையது 0.4 விழுகிறது. வயசாகிக்கொண்டிருக்கிறது. காஸ்டன் பிளாண்டே 1859இல் முதலில் செய்துகாட்டிய அதே ஈயமும் அமிலமும்தான் இன்றும். அதன் பலவீனமும் மாறவில்லை. காலியாக வைத்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகும், சூட்டில் வைத்தால் சீக்கிரம் கிழடாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் ஊரில் 31, 32 டிகிரி என்பது தினப்படி. ஸ்பீக்கர் மாமா வீட்டு பாம் ஷெல்டரில்தான் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஜன்னலில்லாத காப்பறை) தூங்குகிறது. அங்கே காற்றும் கிடையாது. குறைந்தது பஜனை முடிந்த ராத்திரியே சார்ஜ் போட்டுவிட்டு, ஏறியதும் கழற்றி உள்ளே வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த 0.4ஐத்தான் இனி கவனிக்கப் போகிறேன். பேட்டரியின் சராசரி எண்ணை விட, அடி விழும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் அதன் உடல்நிலையைச் சொல்கிறது. அது 0.8, 0.9 என்று போகும் நாளில் புதுப் பேட்டரிக்கு நானே கை தூக்குவேன்.

டிவைடரே பேட்டரியைக் குடித்துவிடாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார், கணக்கு டீச்சர். 12.6ஐ 160 கிலோ ஓமால் வகுத்தால் 79 மைக்ரோஆம்பியர். மாதத்துக்கு 57 மில்லிஆம்பியர்-மணி. பேட்டரி சும்மா இருந்தாலே மாதத்துக்கு மூன்று சதவீதம், அதாவது இருநூறு மில்லிஆம்பியர்-மணிக்கு மேல் தானாகவே இழக்கும். இரண்டு டிவைடர் சேர்ந்தும் அதில் பாதி அளவுதான். நானோவும் திரையும் பக் கன்வெர்ட்டரும் சேர்ந்து இழுக்கும் இருபது மில்லிஆம்பியர் அளவுதான் ஆபத்து: அதை அப்படியே விட்டால் இரண்டே வாரத்தில் பேட்டரி காலி. ஆகவே நானோவின் சப்ளையை ஸ்பீக்கரின் மெயின் சுவிட்சுக்குப் பின்னால் எடுத்திருக்கிறேன். ஸ்பீக்கரை அணைத்தால் அதுவும் அணையும்.

நானோவுக்குப் பதில் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 பலகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் ஏடிசி 12 பிட் என்று பெருமையாக எழுதியிருக்கும், ஆனால் அளவின் அடியிலும் உச்சியிலும் கோடு வளைந்துவிடும். உச்ச அளவு அமைப்பில்கூட 2.4 வோல்ட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 12 வோல்ட் பேட்டரிக்கு 100 கிலோ ஓமும் 18 கிலோ ஓமும் போட்டால் 15 வோல்ட் 2.3 ஆகும், சரியாக இருக்கும். அதில் ஏடிசி இரண்டு உண்டு; வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியின் பின்கள் வேலை செய்யாது. 32லிருந்து 39 வரை உள்ள பின்களில் ஒன்றை எடுங்கள். எண்ணை நீங்களே வோல்ட்டாக மாற்றாமல், மில்லிவோல்ட்டாகவே தரும் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், தொழிற்சாலையில் அந்தச் சிப்பில் பதித்த கேலிப்ரேஷன் மதிப்பு தானாகப் பயன்படும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்கள் வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கணிக்கவே வேண்டாம். நிறைந்ததிலிருந்து தீரும் கட்டம்வரை அது கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும்.

என் காரிடார் செடிகளுக்கு மண் ஈரம் பார்க்கும் ஒரு ஈஎஸ்பி32 இருக்கிறது, ஒற்றை 18650 லித்தியம் செல்லில் ஓடுகிறது. ஸ்பீக்கர் வேலை முடிந்த கையோடு அதிலும் இதே பார்வையை வைத்துப் பார்த்தேன். நூறும் நூறும் கிலோ ஓம் டிவைடர், 4.2 வோல்ட் 2.1 ஆகும். இதுவரை தூங்கி எழுந்ததும் ஒரு தடவை அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது வைஃபை தொடங்கும் முன்னால் ஒரு அளவு, அனுப்பும்போது வரும் அடிமட்டம் ஒன்று, இரண்டையும் அனுப்புகிறது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல்: முன்னால் 3.92, அனுப்பும்போது 3.55. புது செல்லை வைத்தேன்: 3.91, 3.84. பழையதை முனையில் டேப் ஒட்டி, பேரங்காடியில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டேன்.